அருஞ்சொல் மோகம்: வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களும் அவற்றின் பொருளும்

ஆங்கிலப் புலமை என்பது பிறர் அறியாத ஆங்கிலச் சொற்களை அறிந்திருத்தலே என்ற எண்ணம் இந்நாட்டுக் கல்வியுலகில் நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. ஒருவர் எதனைச் சொன்னார் என்பது பின்தள்ளப்பட்டு, அதனைச் சொல்வதற்கு எத்தகைய சொல்லை எடுத்தாண்டார் என்பதே அவரது தகைமைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. வழக்கொழிந்த சொல்லொன்றை மேடையிலே எடுத்து வீசுபவர் அறிஞராகின்றார். எளிய சொல்லாற் பேசுபவர் அரைகுறையாகக் கற்றவராகின்றார். மாணவரும் இச்சூழலுக்கேற்பவே நடந்துகொள்கின்றனர். சேக்ஸ்பியரின் நாடகமொன்று பாடமாக விதிக்கப்பட்டதும், நாடகத்தைப் படிப்பதற்கு முன்னரே அதன் பின்னிணைப்பிலுள்ள அருஞ்சொல் விளக்கம் கொப்பிகளில் இறங்கிவிடுகின்றது. இடப்புறம் சொல், வலப்புறம் பொருள், நடுவிலே ஒரு சமன்குறி. பரீட்சை முடியும்வரை அச்சமன்குறி தாங்கும். அதற்கப்பால் தாங்குவதில்லை, ஏனெனில் தொடக்கத்திலிருந்தே அது பொய்யான சமன்குறி.

இம்மோகம் இங்கே பிறந்ததன்று. ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியை ரொபேட் கோட்ரி என்ற பள்ளி ஆசிரியர் 1604இல் வெளியிட்டார். ஏறத்தாழ 2500 சொற்களைக் கொண்ட அச்சிறுநூல் எல்லாச் சொற்களையும் விளக்க முற்படவில்லை. கடினமான சொற்களை மட்டுமே விளக்கிற்று. அது யாருக்காக ஆக்கப்பட்டது என்பதும் அதன் முகப்பிலேயே கூறப்பட்டுள்ளது. வேதநூலிலும் பிரசங்கங்களிலும் வரும் கடுஞ்சொற்களை விளங்கிக்கொள்ள இயலாத சீமாட்டிகளும், கல்லாத பிறருமே அதன் வாசகர். அதாவது, இலத்தீன் கற்பிக்கப்படாதவர்கள். இலத்தீன் கற்ற ஆடவர் தம் எழுத்திலே இலத்தீன் சொற்களை அள்ளித் தெளித்துவிட்டனர். அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்கு ஓர் ஏணி தேவைப்பட்டது. ஆங்கில அகராதி என்ற வடிவமே இவ்வாறு ஒரு சமூகக் குறைபாட்டிலிருந்து தோன்றியது.

1623இல் ஹென்றி கொக்கெரம் வெளியிட்ட அகராதி இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் ஒரு பகுதியில் சாதாரண சொற்கள் முதலிலும், அவற்றுக்கு ஈடான ஆடம்பரச் சொற்கள் அடுத்தும் தரப்பட்டன. எளிமையாகச் சொல்லக்கூடியதைக் கடுமையாகச் சொல்ல விரும்புவோர்க்கு அது வழிகாட்டி. அதிலுள்ள சொற்கள் பல இலத்தீன் அகராதிகளிலிருந்து நேரே உருமாற்றி எடுக்கப்பட்டவை. எந்த ஆங்கிலேயரின் நாவிலும் அவை வழங்கியதற்குச் சான்றில்லை. இன்று 'அரிய ஆங்கிலச் சொற்கள்' என்று தொகுத்து வியக்கப்படும் பட்டியல்களில் இத்தகைய பிறவாச் சொற்களும் இடம்பெறுவதுண்டு. வாழாத ஒன்றை வழக்கொழிந்தது என்று கூறுவது எவ்வாறு பொருந்தும் என்பதைப் பட்டியலிடுவோர் சிந்திப்பதில்லை.

ஏணியாக வந்த அருஞ்சொல்லறிவு இலங்கையில் மதிலாக மாறியது. குடியேற்ற ஆட்சியின் கீழ் உத்தியோகத்துக்கும் அந்தஸ்துக்கும் வாயிலாக ஆங்கிலம் அமைந்தமையால், அதன் அரிய சொற்கள் அறிவைக் காட்டியதைவிட வர்க்கத்தையே அதிகம் காட்டின. இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று குறிப்பிட்டமை தற்செயலானதன்று. திரு கந்தையா 1984இல் வெளிவந்த தமது கட்டுரையொன்றில் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டு, ஆங்கிலம் அதிகாரக் கருவியாக இயங்கும் முறையை ஆராய்ந்தார். வாளின் கூர்மை முழுவதும் இலக்கணத்தில் இல்லை. கேட்பவர் அறியாத சொல்லைத் தேர்ந்து வீசும் பழக்கத்திலும் அது இருக்கின்றது.

இதற்கு ஒரு மறுப்பு எழுப்பப்படலாம். யாழ்ப்பாணத்துத் திண்ணைப் பள்ளிகளில் நிகண்டு மனனஞ் செய்யப்பட்டதே. அது தமிழ்ப் புலமையை வளர்க்கவில்லையா என்பர். வளர்த்தது என்பது உண்மையே. ஆனால் நிகண்டைக் கற்றவன் நிகண்டோடு நின்றுவிடவில்லை. அவன் நூல்களை உரையோடு பாடங்கேட்டான். பரிமேலழகரும் நச்சினார்க்கினியரும் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறும்போது அச்சொல் நிற்கும் இடத்தை நோக்கியே கூறினர். வேறோரிடத்தில் அதே சொல்லுக்கு வேறு பொருள் உரைக்கவும் தயங்கினாரல்லர். நிகண்டு கருவி, உரை பயிற்சி. ஆங்கில அருஞ்சொற்பட்டியலை மனனஞ் செய்யும் மாணவனுக்குக் கருவி மட்டும் கொடுக்கப்பட்டுப் பயிற்சி மறுக்கப்படுகின்றது. அவனைக் குறை கூறுவதிற் பயனில்லை. வினாத்தாள் அவனிடம் கேட்பது அதனைத்தான்.

பழஞ்சொல் என்றாலே அது தூயது, கம்பீரமானது என்ற மயக்கத்தையும் இங்கு எதிர்கொள்ள வேண்டும். 'பழைய ஆங்கிலம்' என்று போற்றப்படுவதில் கணிசமான பகுதி பிற்காலத்தார் செய்த போலி. கடைப்பெயர்ப் பலகைகளிற் காணப்படும் 'யீ ஓல்ட்' என்ற தொடர் இதற்கு எளிய சான்று. பழைய ஆங்கிலத்தில் 'தோண்' என்ற எழுத்தொன்று இருந்தது. அது நாவின் நுனி பல்லைத் தொட எழும் ஒலியைக் குறித்தது. கையெழுத்தில் அதன் வடிவம் காலப்போக்கில் 'வை' எழுத்தை ஒத்துவரவே, அச்சுக்கலை வந்தபோது அச்சாளர் அதற்குப் பதிலாக 'வை' எழுத்தையே கோத்தனர். எழுத்து மாறினும் படித்தவர் அனைவரும் அதனை 'த' என்றே, இன்றைய சுட்டிடைச்சொல்லைப் போன்றே, ஒலித்தனர். 'யீ' என்று எந்தப் பழைய ஆங்கிலேயரும் அதனை உச்சரித்ததில்லை. ஆயினும் பழைமைக்கு அடையாளமாக இன்று விற்பனையாவது அந்தப் பிழைபட்ட ஒலியே.

கவிஞர்களும் இப்போலிக்கு உடந்தையாயினர். எட்மண்ட் ஸ்பென்சர் 1579இல் வெளியிட்ட இடையர் பாடல்களிலும், பின்னர் எழுதிய பெருங்காப்பியத்திலும் தம் காலத்திலேயே வழக்கிறந்திருந்த சொற்களை வலிந்து கையாண்டார். பாடல்களோடு அருஞ்சொல் விளக்கமும் சேர்த்தே அச்சிடப்பட்டது. எழுதும்போதே உரை தேவைப்படும் எழுத்து அது. ஸ்பென்சர் முன்னோரைப் போல எழுதப்போய் எந்த மொழியிலும் எழுதாதவராயினார் என்ற கருத்துப்பட பென் ஜொன்சன் கண்டித்தமை பலரும் அறிந்தது. கண்டனம் சற்றுக் கடுமையானதுதான். ஆனால் 'டெரிங்டூ' என்ற சொல்லின் கதையை அறிந்தவர்கள் ஜொன்சன்மீது பெரிதும் கோபங்கொள்ளார்.

அக்கதை விரித்துரைக்கத்தக்கது. பதினான்காம் நூற்றாண்டிலே சோசர் தமது திரொயிலசு காப்பியத்தில், வீரன் ஒருவனுக்கு உரியவற்றைச் 'செய்யத் துணிதல்' என்ற பொருளில் இரு சாதாரண வினைச்சொற்களை அடுத்தடுத்து வைத்தார். துணிதல் ஒரு சொல், செய்தல் மறுசொல். அவரைப் பின்பற்றிப் பதினைந்தாம் நூற்றாண்டில் லிட்கேட் அத்தொடரை எடுத்தாண்டார். லிட்கேட்டின் நூல் பின்னர் அச்சேறியபோது எழுத்துப்பிழை நேர்ந்து தொடரின் உருவம் சிதைந்தது. சிதைந்த உருவத்தைக் கண்ட ஸ்பென்சர், அது 'ஆண்மை, வீரம்' எனப் பொருள்படும் ஒரு பழைய பெயர்ச்சொல் என்று கருதிக்கொண்டார். அவரது பாடல்களுக்கு எழுதப்பட்ட விளக்கமும் அவ்வாறே பொருள் கூறிற்று. 1819இல் வால்டர் ஸ்கொட் தமது 'ஐவன்ஹோ' நாவலில் அதனை எடுத்தாள, ஐரோப்பிய நடுக்காலத்தின் வீர வாழ்வையே தன்னுள் அடக்கிய சொல்லாக அது உலகெங்கும் பரவியது. நடுக்காலத்தில் அப்படியொரு பெயர்ச்சொல் இருந்ததில்லை. அச்சுக்கூடத்தில் பிறந்து, கவிஞரின் தவறான வாசிப்பில் வளர்ந்து, நாவலாசிரியரின் செல்வாக்கால் அரியணை ஏறிய சொல் அது. சமன்குறிப் பட்டியலில் அதற்கு நேரே 'வீரச்செயல்' என்று எழுதுவதிற் பிழையில்லை. ஆனால் அச்சொல்லைப் பற்றி அறியத்தக்கது எதுவும் அப்பட்டியலில் இல்லை.

தோமஸ் சற்றர்ட்டன் என்ற இளைஞனின் கதை இன்னும் துயரமானது. 1752இல் பிறந்து 1770இல் பதினெட்டு வயது நிரம்புமுன் இறந்த அவன், பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரௌலி என்ற குருவானவரின் பாடல்கள் எனப் பல கவிதைகளைப் புனைந்து வெளிப்படுத்தினான். ரௌலி என்றொரு கவிஞர் இருந்ததேயில்லை. பாடல்களிலுள்ள பழஞ்சொற்களை அவன் கேர்சி, பெய்லி என்போரின் அகராதிகளிலிருந்து பொறுக்கியிருந்தான். கேர்சியின் அகராதி எங்கே பிழைத்ததோ அங்கே 'பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞரும்' பிழைத்தார். வால்டர் ஸ்கீற் 1871இல் அப்பாடல்களைப் பதிப்பித்தபோது இவ்வுறவைச் சொல் சொல்லாக எடுத்துக்காட்டினார். சற்றர்ட்டனிடம் கவித்துவம் இருந்தது என்பதை மறுப்பவர் இல்லை. அருஞ்சொற்பட்டியல் அக்கவித்துவத்துக்கு உதவவில்லை, அவனைக் காட்டிக்கொடுத்தது.

அகராதிகளும் பிழைக்கு விலக்கல்ல என்பதை அகராதிகளையே வேதமாகக் கொள்வோர் மறந்துவிடுகின்றனர். அரசர் அணியும் ஒருவகைத் தொப்பி என்ற பொருளோடு 'அபகொற்' என்ற சொல் தலைமுறை தலைமுறையாக ஓர் அகராதியிலிருந்து மற்றோர் அகராதிக்குச் சென்றுகொண்டிருந்தது. அது 'பைகொக்கெற்' என்ற வேறொரு சொல்லின் எழுத்துப்பிழையே என 1882இல் ஜேம்ஸ் மறே நிறுவினார். இத்தகையவற்றுக்குப் 'பேய்ச்சொற்கள்' என்று 1886இல் பெயரிட்டவர் ஸ்கீற். அமெரிக்காவின் வெப்ஸ்ரர் அகராதி 1934இல் 'டோட்' என்ற பேய்ச்சொல்லை 'அடர்த்தி' என்ற பொருளுடன் அச்சேற்றியது. 'பெரிய டி அல்லது சிறிய டி' என்று எழுதப்பட்ட சுருக்கக் குறிப்பைச் சொல்லென மயங்கியதன் விளைவு அது. கண்டறிய 1939 வரை சென்றது.

இவையெல்லாம் வேடிக்கைகள் எனலாம். இவற்றால் வாசகர்க்குப் பெருந்தீங்கு நேர்வதில்லை. அறியாத சொல் வாசகரைத் தடுத்து நிறுத்துகின்றது. நின்றவர் அகராதியைத் திறக்கின்றார். தீங்கு விளைவது அறிந்த சொல்லால். தொல்காப்பியர் உரியியலிலே பொருள் வெளிப்பட்ட சொற்களை எடுத்துரைக்க வேண்டியதில்லை, வெளிப்படாதவற்றையே விளக்க வேண்டும் என்று வரையறை செய்தார். தம் காலத்து வழக்கையும் செய்யுளையும் நோக்கிய இலக்கணகாரர்க்கு அது பொருத்தமான விதி. ஆனால் நானூறு ஆண்டுகட்கு முற்பட்ட அந்நிய மொழி நூலை வாசிப்பவர்க்கு வெளிப்படையாகத் தோன்றும் சொல்லே பொறி. பொருள் தெரியும் என்ற உறுதியோடு அவர் கடந்து செல்கின்றார். சென்ற திசை பிழையென்று அவருக்கு யாரும் கூறுவதில்லை. சி. எஸ். லூயிஸ் 1960இல் வெளியிட்ட சொல்லாய்வு நூலில், இன்றைய வாசகரின் மனத்தில் முந்திக்கொண்டு எழும் இக்காலப் பொருளை 'அபாயப் பொருள்' என்று அழைத்தார்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இத்தகைய அபாயங்கள் நிறைந்தது. 'பிரிவென்ற்' என்றால் இன்று 'தடுத்தல்', அக்காலத்தில் 'முந்துதல்'. சங்கீதக்காரர் விடியலுக்கு முன்னரே எழுந்து மன்றாடியதைக் கூறும் இடத்தில் இச்சொல் வருகின்றது. இன்றைய பொருளில் வாசிப்பவருக்கு அவர் சூரியனை உதிக்கவிடாமல் தடுத்தவராகத் தோன்றுவார். 'மீற்' என்பது அன்று உணவனைத்தையும் குறித்தது, இன்று இறைச்சி. 'கொன்வர்சேஷன்' அன்று ஒழுகலாறு, இன்று உரையாடல். 'குயிக்' அன்று உயிருள்ளது, இன்று விரைவானது. உயிருள்ளோரையும் இறந்தோரையும் நியாயந்தீர்த்தல் பற்றிய பழைய வாசகத்தை, ஓட்டத்தில் வல்லவரையும் இறந்தவரையும் பற்றியதாக விளங்கிக்கொள்ளும் மாணவனைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவனுக்கு எவரும் எச்சரிக்கை தரவில்லை என்பதே கவனிக்கப்பட வேண்டியது.

'லெற்' என்ற சொல் இவற்றுள் மிகவும் விசித்திரமானது. அதற்கு 'அனுமதித்தல்' என்றும் 'தடுத்தல்' என்றும் நேரெதிரான இரு பொருள்கள் இருந்தன. உண்மையில் அவை ஒரு சொல்லின் இரு பொருள்களல்ல. பழைய ஆங்கிலத்தில் வெவ்வேறாக இருந்து, ஒலி தேய்ந்து ஒன்றுபோலாகிவிட்ட இரு சொற்கள். தந்தையின் ஆவியைப் பின்தொடர விடாது நண்பர் பற்றிப் பிடித்தபோது, தன்னை 'லெற்' செய்பவனைக் கொல்வதாக ஹம்லெற் அச்சுறுத்துகின்றான். அனுமதிப்பவனைக் கொல்வதாக வாசித்தால் அக்காட்சியே தலைகீழாகும். தடுத்தல் என்ற பொருள் இன்று வழக்கில் இறந்துவிட்டதெனினும், டெனிஸ் ஆட்டத்தில் பந்து வலையிற் பட்டுச் சென்றால் எழுப்பப்படும் கூச்சலிலும், பிரித்தானியக் கடவுச்சீட்டின் முதற்பக்க வேண்டுகோளிலும் அது ஒளிந்து வாழ்கின்றது.

காலத்தைக் குறிக்கும் சொற்களின் நிலை மனித இயல்பையே காட்டிக்கொடுக்கின்றது. 'சூன்' என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் 'உடனே' என்பதே பொருள். 'அனொன்' என்பதும் அவ்வாறே. 'பிரெசென்ற்லி', 'பை அன்ட் பை' என்பனவும் 'உடனே' என்றே வழங்கின. நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்து 'சற்று நேரத்தில்', 'பிறகு பார்க்கலாம்' என்ற பொருளுக்கு இறங்கிவிட்டன. உடனே செய்கிறேன் என்று சொல்லியும் செய்யாதிருந்த தலைமுறைகள் பல சேர்ந்தே இம்மாற்றத்தைச் செய்திருக்க வேண்டும். ஏரோதின் விருந்தில் நடனமாடிய பெண் யோவானின் தலையை 'பை அன்ட் பை' தரவேண்டுமென்று கேட்பதாக 1611 விவிலியம் கூறும்போது, அவள் அவகாசம் கொடுக்கவில்லை. அக்கணமே கேட்கின்றாள். அக்காட்சியின் கொடூரம் முழுவதும் அச்சிறு தொடரிலே தங்கியுள்ளது.

பொருள் மாற்றத்தை மொழியின் விளையாட்டாகக் கண்டு வியந்து நின்றுவிடும் போக்கும் கண்டிக்கத்தக்கதே. சொற்கள் தாமாக மாறுவதில்லை. அவற்றைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு இருந்ததோ அவர்களின் மனப்பாங்கு அவற்றில் படிகின்றது. 'வில்லன்' என்ற சொல்லைத் தமிழ்த் திரைப்பட இரசிகரும் அறிவர். அது நிலவுடைமையாளனின் பண்ணையோடு பிணைக்கப்பட்டிருந்த உழவனைக் குறித்த சொல். 'பூர்' என்பதும் உழவனே, இன்று நாகரிகமற்றவன். 'சேள்' சாதாரண குடிமகன், இன்று முரடன். 'லூட்' என்பது குருத்துவப் பட்டம் பெறாத பொதுமகனைக் குறித்து, பின் கல்லாதவனைக் குறித்து, பின் இழிந்தவனைக் குறித்து, ஈற்றில் காமுகனைக் குறித்தது. மறுபுறத்தில், உயர்குடியிற் பிறந்தவன் என்று மட்டுமே பொருள்பட்ட 'ஜென்ரில்' மென்மையும் பண்பும் உடையவன் என உயர்ந்தது. 'ஜெனரஸ்' நற்குடிப் பிறப்பிலிருந்து கொடைப் பண்புக்கு ஏறியது. உழைத்தவனின் பெயர் வசையாயிற்று. உண்டவனின் பெயர் வாழ்த்தாயிற்று. இவ்வகராதி எவருடைய மாளிகையில் எழுதப்பட்டது என்று கேட்காமல் பொருளை மட்டும் மனனஞ் செய்வது, அம்மாளிகையின் தீர்ப்பைக் கேள்வியின்றி ஏற்பதாகும்.

இதனை இயந்திரப் பாங்கிலே சூத்திரமாக்குவதும் தவறு. 'நைற்', 'நேவ்' என்ற இரு சொற்களும் பழைய ஆங்கிலத்தில் சிறுவனையே குறித்தன. ஒரு சிறுவன் பிரபுவின் படையிற் சேர்ந்து குதிரையேறி வீரப்பட்டம் பெற்றான். மற்றவன் வீட்டு வேலைக்காரனாகி, பின் வேலைக்காரன் திருடுவான் என்ற எசமானரின் ஐயத்தால் கயவனானான். உறவுமொழியான ஜேர்மனியத்தில் நிகழ்ந்ததோ வேறு: 'நைற்' என்பதன் இனச்சொல் அங்கே பணியாளாகவே தங்கிவிட்டது, 'நேவ்' என்பதன் இனச்சொல் இன்றும் சிறுவனே. 'சில்லி' என்பதன் வீழ்ச்சியை வர்க்கத்தால் மட்டும் விளக்க முடியாது. பேறு பெற்றவர், களங்கமற்றவர், இரங்கத்தக்கவர், அறிவிலி என்று அது இறங்கிய படிகளில், களங்கமற்றவரை உலகம் எவ்வாறு மதிக்கின்றது என்ற கதை கிடக்கின்றது. 'நைஸ்' எதிர்த்திசையிற் சென்றது. அறியாதவன் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிற் பிறந்து, நடுக்கால ஆங்கிலத்தில் மூடனாயிருந்து, இன்று எதனையும் பாராட்டுவதற்குரிய, எனவே எதனையும் பாராட்டாத, வெற்றுச் சொல்லாயிற்று. றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் வெளியிட்ட நூலில், பண்பாடு, வர்க்கம் முதலான கருத்துகளைச் சுட்டும் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றை இந்நோக்கில் ஆராய்ந்தமை வழிகாட்டத்தக்கது.

சொல்லின் மிகப் பழைய பொருளே அதன் மெய்ப்பொருள் என்று வாதிடுவோர் வேறொரு கூட்டத்தார். 'டெசிமேற்' என்பது பத்தில் ஒருவரைக் கொல்லுதலையே குறிக்கும், பேரழிவைக் குறிக்காது என்று பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுபவர்கள் இவர்களே. தமிழில் இவர்களது வாதத்தை ஏற்றால் 'நாற்றம்' என்பதை நறுமணத்துக்கு மட்டுமே வழங்க வேண்டியிருக்கும். ஆண்டாள் காலத்தில் அது அவ்வாறே வழங்கியது. ஆங்கிலத்து 'ஸ்ரிங்க்' என்ற சொல்லும் பழைய ஆங்கிலத்தில் நல்வாசனை, தீவாசனை இரண்டுக்கும் பொதுவாயிருந்து, பின்னர் தமிழ்ச் சொல்லின் வழியிலேயே கெட்டது. இன்று விருந்துக்கு வந்தவரிடம் வீடு நாற்றமாயிருக்கின்றது என்று சொல்லிவிட்டுச் சங்க இலக்கியத்தைச் சான்றுகாட்டித் தப்பமுடியாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள காரணம் எளிதில் விளங்கித் தோன்றாது என்று தொல்காப்பியரே எச்சரித்துள்ளார். ஒக்ஸ்போட் அகராதியின் சிறப்பும் இதிலேயே உள்ளது. 1857இல் மொழியியற் கழகத்தின் முயற்சியாகக் கருக்கொண்டு, 1884இல் முதற்பகுதி வெளிவந்து, 1928இல் நிறைவெய்திய அவ்வகராதி எந்தப் பொருளையும் மெய்ப்பொருள் என்று அரியணையில் ஏற்றவில்லை. எந்த நூற்றாண்டில் யார் எவ்வாறு எழுதினர் என்ற சான்றுகளை வரிசைப்படுத்தி, சொல்லின் வாழ்க்கையை எழுதியது.

ஆங்கிலத்தின் பழைய முன்னிலைச் சொல்லான 'தௌ' பற்றிய மயக்கம் தமிழ் மாணவருக்கு எளிதில் தீரக்கூடியது, தீர்க்கப்படாதிருப்பதே வியப்பு. செபங்களிலும் பழைய செய்யுள்களிலும் வருவதால் அது மிகுந்த மரியாதைச் சொல் என்று பரவலாகக் கருதப்படுகின்றது. அது வெறும் 'நீ'. 'யூ' என்பதே பன்மையாகவும், அதன் வழியே மரியாதையாகவும் வழங்கியது. 1603இல் வால்டர் றாலி விசாரிக்கப்பட்டபோது, அரச வழக்குரைஞர் எட்வேட் கோக் அவரை வேண்டுமென்றே 'தௌ' என்று விளித்து அவமதித்தார். அதே நூற்றாண்டில் குவேக்கர் சமயத்தார், மனிதர் யாவரும் சமம் என்பதால் நீதவானையும் பிரபுவையும் 'தௌ' என்றே அழைத்து, அதற்காக வெறுப்பையும் தண்டனையையும் தேடிக்கொண்டனர். 1611 விவிலியத்தில் இறைவனும் 'தௌ', அரசனும் 'தௌ', சாத்தானும் 'தௌ'. ஒருமை என்பதற்கு மேல் அங்கே அதற்குக் குறிப்பில்லை. தமிழில் அவ்வாறு ஒரே சொல்லால் ஒப்பேற்ற முடியாது. நீ, நீர், தேவரீர் என்பவற்றுள் எதனைத் தேர்வது என்ற கேள்வி தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாளருக்கு ஒவ்வோரிடத்திலும் எழுந்தது. இறைவனுக்கு நீரும் தேவரீரும் அமைந்தன, சாத்தானுக்கு நீ போதுமாயிற்று. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு அப்பணியில் ஈடுபட்ட ஆறுமுக நாவலரின் மாணவப் பரம்பரைக்கு உரித்துடையோர், 'தௌ' என்பதை 'தாங்கள்' என்று கொப்பியில் எழுதிக்கொள்வது பொருந்துமா? சேக்ஸ்பியரின் பாத்திரமொன்று ஒரே காட்சியில் 'யூ' என்பதிலிருந்து 'தௌ' என்பதற்கு மாறுமிடத்தில் அன்போ சினமோ ஏளனமோ வெடிக்கின்றது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட இன்றைய மாணவனுக்கு அதனை அரும்பாடுபட்டே உணர்த்த வேண்டும். மரியாதைப் படிகளோடு பேசிப் பழகிய தமிழ் மாணவன் அதனைச் செவியாலேயே பற்றுவான். அவனது இம்முதலீட்டைப் பயன்படுத்தாத ஆங்கிலப் பாடம் யாருக்காக நடத்தப்படுகின்றது?

சட்டத்துறையில் இம்மோகம் கைச்செலவு வைக்கும் காரியமாகின்றது. இங்கிலாந்து தன் குடியியல் வழக்கு நடைமுறையை 1998இல் புதிதாக்கி, 1999 ஏப்ரலில் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தபோது 'பிளெயின்ரிஃப்' என்ற நூற்றாண்டுப் பழமைவாய்ந்த சொல்லைக் கைவிட்டு, உரிமை கோருபவர் என்று பொருள்படும் எளிய சொல்லை ஏற்றது. 'சபீனா' என்ற இலத்தீன் சொல்லும் அங்கே சாட்சி அழைப்பாயிற்று. இலங்கையில் 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை பழைய சொற்களோடேயே நிலவுகின்றது. தமிழ் வடிவத்தில் 'வழக்காளி', 'எதிராளி' என்று எவருக்கும் விளங்கும் சொற்கள் இருந்தும், ஆங்கிலச் சொல்லைக் கூறினாற்றான் நீதிமன்றம் நீதிமன்றமாகத் தோன்றும் போலும்.

நொத்தாரிசு எழுதும் ஆங்கில உறுதிகளின் தொடக்க வாசகத்தில் 'பிரெசென்ற்ஸ்' என்ற சொல் வருவதுண்டு. பரிசுகள் என்று மாணவன் எண்ணுவான். 'இந்த எழுத்துகள்', அதாவது 'இவ்வுறுதி', என்பதே பொருள். அடுத்து 'விற்னெசெத்' என்ற சொல் வரும்; 'சான்று பகர்கின்றது' என்ற வினையின் பழைய விகுதியுடைய வடிவம் அது. 1611 விவிலியம் வெளிவந்த காலத்திலேயே பேச்சுவழக்கில் தளர்ந்துவந்த விகுதி, இன்று ஒருவர் தம் பத்துப் பரப்புக் காணியை மகளுக்குச் சீதனமாக எழுதும் உறுதியிலே உயிர்வாழ்கின்றது. காணியின் எல்லைகள் நான்கும் அவருக்கு மனப்பாடம்: கிழக்கே ஒழுங்கை, வடக்கே கோயிற் காணி. உறுதியின் முதல் வரிக்கு மட்டும் அவருக்குப் பொருள் தெரியாது. வாசித்துக் காட்டும் எழுதுவினைஞருக்கும் தெரியாது. கீழே இருவரும் கையொப்பமிடுகின்றனர்.